பதினேழு வயதும் மூன்று போத்தலும்

அந்த வருடம் எனக்கு லைசன்ஸில் பத்தொன்பது, சாதகத்தில் பதினேழு. லைசன்ஸ் அரசாங்கக் கச்சேரியில் கொடுத்தது. சாதகம் அம்மா எழுதுவித்தது.

குற்றம் என்னுடையதல்ல, நான் பிறந்த மூல நட்சத்திரத்தினுடையது. மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாதாம். எனக்கு ஏழு சம்பந்தங்கள் வந்தன. ஏழு மாமனார்களும் உயிருக்குப் பயந்து ஓடினார்கள். ஒருவர் எங்கள் வீட்டுப் படலை வரை வந்துவிட்டு, நட்சத்திரத்தைக் கேட்டதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போனார். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் பரந்தனில் ஒரு சாத்திரியாரைப் பிடித்தார். நட்சத்திரத்தை மட்டும் மாற்றினால் கிரகங்கள் இடிக்கும், பிறந்த நாளையே மாற்றவேண்டும் என்றார் அவர். பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டி, இரண்டு வருடம் தள்ளி, ஒரு நல்ல உத்தர நட்சத்திரத்தில் என்னை மறுபடி பிறப்பித்தார். இந்த முறை அம்மாவுக்கு நோவே இருக்கவில்லை.

லைசன்ஸ் கதை வேறு. நாங்கள் வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்தவர்கள். அப்பா வீரகத்திக்கு ஆண்பிள்ளை இல்லை. ஆனால் சாம்பல் நிறத்தில் ஓர் உழவு மிசின் இருந்தது. அதை நான் பழகினேன். பதினெட்டு நிரம்பிய மறுமாதம் யாழ்ப்பாணம் போய்ச் சோதனை கொடுத்து லைசன்ஸ் எடுத்தேன். சோதனை வைத்தவர் மூன்று தரம் மிசினைப் பின்னுக்கு ஓடச் சொன்னார், மூன்று தரமும் ஓடினேன், வேறு குறை கண்டுபிடிக்க முடியாமல் கையெழுத்து வைத்தார். என் வாழ்க்கையில் யாரும் தூக்கித் தராமல் நானாக எடுத்த ஒரே சாமான் அது.

அதைத்தான் அம்மா ஒளிக்கச் சொன்னார். தை மாதத்து ஒரு சனிக்கிழமை கொடிகாமத்திலிருந்து எட்டாவது சம்பந்தக்காரர் பெண் பார்க்க வருகிறார்கள். லைசன்ஸில் பிறந்த திகதி கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான் அதை இனிப்பு வந்த ஒரு பழைய ரொபி ரின்னில் போட்டு, மிசின் சீற்றுக்கு அடியில் இருந்த ஸ்பனர் ரின்னுக்குள் புதைத்து வைத்தேன்.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை தில்லைநாதன், தபால் கந்தோரில் வேலை. அவருடைய தாய் நாகேஸ்வரி, வெள்ளைச் சேலை கட்டிய பெரிய உடம்பு, பார்த்தாலே முதுகு நிமிரும். தாயின் தம்பி ஏரம்பு, சாதகம் பார்த்துப் பொருத்தம் சொன்னவர். ஏரம்பு மாமா குடியில் மிதந்த ஆளாம். போன வைகாசியில் அக்கா அவரை வற்றாப்பளை அம்மன் முன்னால் நிறுத்தி, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தாராம். இதை அவரே எங்கள் அப்பாவிடம் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்.

மற்றவர்கள் சமைப்பாயா, பாடுவாயா என்று கேட்டுக்கொண்டிருக்க, மாப்பிள்ளை வடையைக் கடித்தபடி முற்றத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“உந்த மிசினுக்கு எத்தினை கியர்?”

“முன்னுக்கு நாலு, பின்னுக்கு ஒண்டு,” என்றேன்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு வராது. ஏழு பேர் வந்து போனபோது போகட்டும் என்றுதான் இருந்தேன். இந்த எட்டாவது போய்விடக்கூடாது என்று அந்த வடை முடிவதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது.

எல்லாம் பொருந்தியது. புறப்படும் நேரத்தில்தான் சிக்கல். மூன்று மணி பஸ் வரவில்லை, அச்சு உடைந்து வழியில் நிற்கிறதாம். ரயில் கிளிநொச்சியில் நாலரைக்கு. அப்பாவுக்குக் காலில் மருந்துப் பத்துப் போட்டிருந்தது, கதிரையை விட்டு எழும்பமாட்டார்.

“மிசின் நிக்குதே, ஆர் ஓடுறது?” என்றார் நாகேஸ்வரி அம்மா.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “பிள்ளைதான். வேறை ஆர்?”

“பதினேழு வயசிலையோ?”

அம்மா ஓடிவந்து குறுக்கே விழுந்தார். “ஒழுங்கைக்குள்ளை மட்டும் அக்கா. இண்டைக்கு ஒரு அவசரத்துக்கு.”

நாகேஸ்வரி அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, “சரி, ஓடு பாப்பம்,” என்றார்.

மிசினுக்குப் பின்னால் இழுவைப் பெட்டியைக் கொழுவினோம். வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்தோம். வைக்கோலில் குந்தமாட்டேன் என்று நாகேஸ்வரி அம்மா சொன்னதால் அப்பாவைத் திண்ணையில் இருத்திவிட்டு அவருடைய கதிரையையே ஏற்றிக் கயிற்றால் கட்டினோம். அவர் ஏறி உட்கார்ந்ததும் சப்பறத்தில் அம்மன் புறப்பட்ட மாதிரி இருந்தது. அம்மா ஒரு பக்கம், ஏரம்பு மாமா ஒரு பக்கம் பாயில் இருந்தார்கள். நடுவில் எங்கள் மொட்டைக்கறுப்பன் அரிசி ஒரு சாக்கு, இரண்டு பூசணிக்காய். மாப்பிள்ளை பெட்டியில் ஏறவில்லை. பெரிய சில்லுக்கு மேலே இருந்த மட்காட்டில், என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேலே செருகி, தலையில் மல்லிகையோடு மிசினைக் கிளப்பினேன்.

அப்படி ஓர் ஓட்டம் நான் அதற்கு முன் ஓடியதில்லை. இரணைமடு வாய்க்கால் ஒரு பக்கம் நிறைந்து ஓடிற்று. வெட்டாத வயல் மஞ்சளாய்க் கிடந்தது. மாப்பிள்ளை ஒவ்வொரு கியரையும் ஏன் மாற்றுகிறாய் என்று கேட்டார், நான் சொன்னேன், மூன்றாம் கியரில் அவர் என் பெயரைக் கேட்டார், தெரிந்துகொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்து வந்து அடங்கியது. பின்னால் திரும்பிப் பார்த்தால் நாகேஸ்வரி அம்மா கதிரையின் இரு கையையும் பிடித்தபடி, “கெதியா ஓடு பிள்ளை, காத்து நல்லாயிருக்கு!” என்கிறார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். ஒவ்வொரு குழியிலும் ணங், ணங்.

“என்னடா சத்தம், ஏரம்பு?”

“பழைய மிசின் தானே அக்கா. பல்லுக் கிட்டினது மாதிரிச் சத்தம் போடும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் மிசினில் எந்த ஆணி எந்தச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும். அது என் மிசினின் சத்தமல்ல. பெட்டி கொழுவிய ஊசி கழன்றுவிட்டதோ என்று பயந்து, ஒரு மருதமரத்தடியில் நிறுத்திக் குதித்தேன். கோபத்தில் அந்த மரத்தடியில் யார் நின்றார்கள் என்று பார்க்கவில்லை.

அங்கே பொலிஸ் சார்ஜன் மரியநேசன் நின்றார். முல்லைத்தீவுக் கடற்கரை ஆள், இந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம். காலையிலிருந்து இரண்டு சைக்கிளும் ஒரு மாட்டு வண்டியும்தான் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். முகத்தில் அவ்வளவு சந்தோசம்.

“நான் மறிக்காமல் தானா வந்து நிண்ட முதல் வாகனம் இதுதான்,” என்றார். பின்னால் நின்ற கொன்ஸ்தாபிள் இராயப்பு தொப்பியைச் சரிசெய்தார். “என்ன பிள்ளை, என்ன பிரச்சினை?”

“பெட்டிக்குள்ளை ஒரு சத்தம் ஐயா.”

இதையும் நானேதான் சொன்னேன். சார்ஜன் கையிலிருந்த பொல்லால் வைக்கோலைக் குத்தினார். ணங் என்றது. ஏரம்பு மாமாவைக் கொஞ்சம் நகரச் சொன்னார். மாமா நகரவில்லை, காலில் விறைப்பு என்றார். இராயப்பு அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்த, பாயின் கீழிருந்து மூன்று போத்தல் சாராயம் வெளியே வந்தது. முத்திரை உடையாத போத்தல்கள். வெயிலில் தேன் மாதிரி மின்னின.

நாகேஸ்வரி அம்மா கதிரையிலேயே எழும்பிவிட்டார். “இதாற்றை?”

யாருடையது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஏரம்பு மாமா ஆகாயத்தில் பருந்து தேடிக்கொண்டிருந்தார்.

“ஆற்றை எண்டது பேந்து பாப்பம்,” என்றார் சார்ஜன். குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பென்சிலை நாக்கில் தொட்டார். “ஓடினது ஆர்? வயசென்ன?”

நான் வாயைத் திறக்குமுன் அம்மா பாய்ந்தார். “பதினேழு ஐயா! பதினேழுதான்!”

“பதினெட்டு நிரம்பேல்லையோ?” சார்ஜனின் கண் விரிந்தது. நேராக நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். “பதினெட்டு நிரம்பாத ஆள் ஓடுற வாகனத்திலை குடிவகை. மூடி திறந்ததோ திறக்காததோ, குடிச்சதோ குடிக்காததோ, கதையில்லை. வாகனம் பொலிசுக்கு. ஓடின ஆள் கோட்டுக்கு. இருபத்தொரு வயசு வரைக்கும் லைசன்ஸ் எண்ட நினைப்பும் வேண்டாம்.”

அது எங்கேயாவது அச்சில் வந்த சட்டமா, சார்ஜனின் தலைக்குள் மட்டும் வந்த சட்டமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் சொன்ன விதத்தில் நம்பாமல் இருக்க முடியவில்லை.

நாகேஸ்வரி அம்மா கதிரையில் இருந்தபடியே என்னைக் காப்பாற்றப் புறப்பட்டார். அதுதான் பெரிய ஆபத்து.

“இஞ்சை பாருங்கோ சார்ஜன், இது பச்சைப் பிள்ளை. சாராயம் எண்டால் கறுப்போ சிவப்போ எண்டு தெரியாது. பதினேழே பதினேழு வயசு. வேணுமெண்டால் எழுத்திலை காட்டுறன்.” கைப்பையைத் திறந்து என் சாதகத்தை எடுத்து நீட்டினார். “பிறந்த நாள், நேரம், நாழிகை எல்லாம் கிடக்கு!”

சார்ஜன் அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். வேதக்காரர், சிலுவை தெரியும், கட்டங்கள் புரியவில்லை. சாதகம் தெரிந்த ஆள் யார் என்று கேட்டு, ஏரம்பு மாமாவிடமே கொடுத்தார். மாமா தொண்டையைச் செருமி, பதினேழு வருடம் நாலு மாதம் என்று வாசித்தார். சார்ஜன் சந்தோசமாக எழுதிக்கொண்டார். அவ்வளவு உறுதியான சாட்சி அவருக்கு அதற்கு முன் கிடைத்திருக்காது.

நான் ஸ்பனர் ரின்னைப் பார்த்தேன். எட்டி எடுத்தால் வழக்கு முடிந்தது. கூடவே கலியாணமும் முடிந்தது. எடுக்காவிட்டால் மிசின் போகிறது, லைசன்ஸ் போகிறது, ஆனால் மாப்பிள்ளை மட்காட்டில் இருக்கிறார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கும்பிட்டார். நான் பல்லைக் கடித்தேன். சரி, போகட்டும் என்று முடிவெடுத்தேன். ஆமாம், அந்த லைசன்ஸைவிட அந்த மனிதர் பெரிது என்று முடிவெடுத்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“பிள்ளை தள்ளி நில்லு,” என்றார் சார்ஜன். “இனி நீ தொடக்கூடாது. இராயப்பு, மிசினை ஸ்ரேசனுக்கு எடு.”

“உங்களுக்கு ஓடத் தெரியுமோ?” என்று கேட்டேன்.

“மிசின் வள்ளம் ஓடினனான்,” என்றார் இராயப்பு.

வள்ளத்துக்குக் கிளச் இல்லை. அவர் ஏறினார், கண்ட கம்பியைப் பிடித்து இழுத்தார். கர்ர்ர் என்று என் கியர்ப்பெட்டி கதறியது. என் பல்லே உடைந்த மாதிரி இருந்தது. இன்னொரு தரம் கர்ர்ர். பிறகு கிளச்சில் பட்ட காலை ஒரேயடியாக எடுத்தார். மிசின் பின்னுக்குப் பாய்ந்தது. பெட்டி மடிந்து வாய்க்கால் பக்கம் திரும்பியது. கயிறு அறுந்து, நாகேஸ்வரி அம்மா கதிரையோடு வழுக்கிக்கொண்டு பின்பலகைக்குப் போனார். பூசணிக்காய்கள் அவருக்கு முன்னால் உருண்டு தண்ணீரில் விழுந்தன. அம்மா முருகா என்றார், இராயப்பு மாதாவே என்றார், இரண்டு பேரும் எதையும் பிடிக்கவில்லை.

நான் சேலையோடு பாய்ந்து ஏறி, இராயப்புவை முழங்கையால் ஒரு இடி இடித்து, கிளச்சையும் பிறேக்கையும் ஒன்றாக மிதித்தேன். பெட்டியின் பின்சில்லு வாய்க்கால் வரம்பில் நின்றது. நாகேஸ்வரி அம்மாவின் ஒரு செருப்பு மட்டும் மிதந்து போயிற்று.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை.

“இறங்குங்கோ!” என்று கத்தினேன். “கியர் எது, கிளச் எது எண்டு தெரியாத ஆளெல்லாம் ஏறி ஓடலாம், எனக்கு வயசு காணாதோ? எனக்குப் பத்தொன்பது வயசு! லைசன்ஸ் இருக்கு! மூண்டு தரம் பின்னுக்கு ஓடிக் காட்டி எடுத்த லைசன்ஸ்!” ஸ்பனர் ரின்னைக் கவிழ்த்தேன், ரொபி ரின்னைத் திறந்தேன், சார்ஜனின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

சொல்லி முடித்த பிறகுதான் கலியாணம் நினைவுக்கு வந்தது. அம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினார்.

சார்ஜன் வாசித்தார். திரும்ப வாசித்தார். எழுதிய பக்கத்தைத் துக்கத்தோடு பார்த்தார். “பத்தொன்பதுக்குச் சட்டம் ஒண்டும் சொல்லேல்லை,” என்றார்.

மாப்பிள்ளை மட்காட்டிலிருந்து எட்டி லைசன்ஸைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “நல்லதாப் போச்சு அம்மா. பதினேழு வயசுப் பிள்ளையோடை என்னத்தைக் கதைக்கிறதெண்டு காலமை தொட்டு யோசிச்சுக்கொண்டு வந்தனான்.”

“நீ வாயை மூடு,” என்றார் நாகேஸ்வரி அம்மா. ஒற்றைச் செருப்போடு பெட்டியிலிருந்து இறங்கி அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். “பத்மாசனி, உண்மையான நட்சத்திரம் என்ன?”

அம்மா அழுதுகொண்டே சொன்னார். “மூலம் அக்கா.”

“ஐயோ, மூலமோ!” ஏரம்பு மாமா நெஞ்சில் அடித்துக்கொண்டார். “மாமனுக்கு ஆகாதே அக்கா! மாமனுக்கு ஆகாதே!”

“எந்த மாமனுக்கு?”

மாமா அக்காவின் வெள்ளைச் சேலையைப் பார்த்தார்.

“உன்ரை அத்தான் செத்து ஒன்பது வருசம். இனி இந்தப் பிள்ளை அவரைப் புதுசா என்ன செய்யப்போறாள்?”

முதலில் சிரித்தது இராயப்பு. பிறகு சார்ஜன். பிறகு நான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கல் பிடித்துவிட்டது. ஏழு மாமனார்களுக்குப் பயந்து அம்மா என்னை இரண்டு வருடம் இளையவளாக்கியது, மாமனாரே இல்லாத ஒரு வீட்டுக்காக! இதை முதலே ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் நான் லைசன்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வடை பரிமாறியிருப்பேன்.

“சிரிக்காதை,” என்றார் நாகேஸ்வரி அம்மா. “பொய் பொய்தான். அதுக்கு உன்ரை கொம்மாவோடை எனக்குக் கதை கிடக்கு.” ஆனால் அவருடைய வாயோரமும் ஆடிக்கொண்டிருந்தது.

சார்ஜன் புத்தகத்தை மூடினார். “வழக்கு இல்லை. போத்தலுக்கு உரிய ஆள் எடுத்துக்கொண்டு போகலாம்.”

ஏரம்பு மாமாவின் கை அவரை அறியாமலே நீண்டது. நடுவழியில் அவருக்கே புரிந்து, பருந்து தேடும் பாவனையில் மேலே தூக்கினார். காலம் கடந்துவிட்டது.

“எடு,” என்றார் அக்கா. “நீயே திறந்து, நீயே ஊத்து. வாற வைகாசிக்கு அம்மனிட்டையும் நீயே சொல்லு.”

மூன்று போத்தலும் வாய்க்காலுக்குள் போயின. மாமா கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார். சார்ஜன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் இருந்ததும் துக்கம்தான்.

பிறகு கிளிநொச்சி வரை நாலாம் கியர். நாகேஸ்வரி அம்மாவைக் கதிரையில் கட்டி, கதிரையைப் பலகையில் கட்டி, ஓடினேன். நாங்கள் ஸ்ரேசனுக்குள் நுழையவும் ரயில் கூவிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. மாமாவும் மாப்பிள்ளையும் அரிசிச் சாக்கைத் தூக்கி ஏற்றினார்கள். நாகேஸ்வரி அம்மா ஏறி, யன்னலால் கையை நீட்டினார். கையில் என் சாதகம்.

சாதகத்தைத் திருப்பிக் கொடுத்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அது ஏழு தரம் நடந்திருக்கிறது. நான் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“பிடி,” என்றார். “இதிலை இருக்கிறது ஆரோ ஒரு பெட்டை. அவளை எனக்குத் தெரியாது. மற்றதைத் தா.”

“எதை?”

“லைசன்ஸை. ஊரிலை என்ரை தங்கச்சிமாருக்குக் காட்டவேணும். இல்லாட்டி ஒருத்தியும் நம்பமாட்டாளவை. கலியாணத்தண்டு திருப்பித் தருவன்.”

கொடுத்தேன். மாப்பிள்ளை அவருக்குப் பின்னால் நின்று நாலு விரலைக் காட்டினார், பிறகு ஒரு விரலைப் பின்பக்கம் மடக்கிக் காட்டினார். முன்னுக்கு நாலு, பின்னுக்கு ஒன்று. ரயில் போய் மறையும் வரை நான் பிளாட்போமில் ஒரு பைத்தியம் மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது அம்மா கதிரையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கதிரையை விடவில்லை. நான் வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டு ஓட்டினேன். மருதமரத்தடியில் சார்ஜன் மரியநேசன் றோட்டின் நடுவே வந்து கையை நீட்டி மறித்தார். இந்த முறை அவராகவே மறித்தார். புத்தகம் திறந்திருந்தது, பென்சில் நாக்கில் இருந்தது.

“வயசு தெரியும்,” என்றார். “லைசன்ஸைக் காட்டு.”

“மாமி கொண்டு போட்டா,” என்றேன்.